கலிங்கமும் பெலிக்காட்டும்

துணிக்கு ஊர்ப்பெயரோ நாட்டுப்பெயரோ இடுவது தமிழர்க்குப் புதிதன்று. சங்க இலக்கியத்தில் 'கலிங்கம்' என்னும் சொல் ஆடையைக் குறித்து வருகின்றது. கலிங்க நாட்டோடு தொடர்புடைய துணி அந்நாட்டின் பெயரையே ஏற்றுப் பின்னர் நுண்ணிய ஆடைக்கெல்லாம் பொதுப்பெயராயிற்று. சிலப்பதிகாரத்திற்கு உரை வகுத்த அடியார்க்கு நல்லார் துகில் வகைகளை நெடிய பட்டியலாகத் தருமிடத்துத் தேவகிரி, குச்சரி என்பவற்றையும் சேர்த்துள்ளார். அவை துணியின் பெயர்களாயினும் அவற்றினுள் ஊரும் நாடும் ஒளிந்திருத்தல் வெளிப்படை. இக்காலத்தில் காஞ்சிபுரம் என்றாலும் சின்னாளபட்டி என்றாலும் பெண்கள் ஊரை நினைப்பதில்லை, சேலையை நினைக்கின்றனர். கள்ளிக்கோட்டைத் துணியை ஆங்கிலேயர் 'காலிக்கோ' என்றதும் இவ்வகையினதே. இம்மரபில் வந்த மற்றொரு பெயர் மலேசியத் தமிழரின் வாயிலன்று, மலாய் மக்களின் வாயில் நிலைத்துள்ளது. அதுவே 'காயின் பெலிக்காட்'.

கட்டம் போட்ட, குழாய் வடிவில் மூட்டித் தைக்கப்பெற்ற, ஆடவர் இடுப்பில் சுற்றிச் செருகிக்கொள்ளும் அத்துணியை அறியாதார் மலேசியாவில் இலர். மலாய்க்காரர் அதனை உடுத்தித் தொழுகைக்குச் செல்வர். அதனைக் கட்டிக்கொண்டே வீட்டு வாசலில் அமர்ந்து செய்தித்தாள் படிப்பர். தமிழர் அதனைக் கைலி என்பர். பெட்டாலிங் ஜெயாவின் ஒரு பகுதியாகிய கம்போங் மேடானில் தமிழரும் மலாய்க்காரரும் இந்தோனேசியரும் நெருங்கி வாழ்கின்றனர். அங்குள்ள அடுக்குமாடி வீடுகளின் கொடிகளில் நாள்தோறும் காயும் துணிகளுள் இதுவே மிகுதி. இதனை யாருடைய உடை என்று மாணவனைக் கேட்டால், மலாய்க்காரருடையது என்று ஐயமின்றி விடை கூறுவான். 'பெலிக்காட்' என்பது சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் தொலைவில் உள்ள பழவேற்காட்டின் பெயர் என்பதை அவனுக்கு எந்தப் பாடமும் சொல்லித் தரவில்லை.

பழவேற்காடு இன்று மீனவர் ஊர். பெரிய உப்பங்கழி ஒன்றின் கரையில், பறவை பார்ப்போரும் பழைய கல்லறைகளைப் பார்ப்போரும் வந்து செல்லும் இடமாக உள்ளது. நானூறு ஆண்டுகட்கு முன்போ அது சோழமண்டலக் கரையின் தலையாய துறைமுகங்களுள் ஒன்று. போர்த்துகீசியர் முதலில் வந்தனர். 1610இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே பண்டகசாலை அமைத்தது. 1613இல் கெல்திரியா என்னும் கோட்டை எழுந்தது. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாறும்வரை, அக்கரையில் டச்சுக்காரரின் வாணிக மையம் அதுவே. அவர்கள் அங்கு வந்தது துணிக்காக. அத்துணியும் ஆலந்திற்கென்று மட்டும் வாங்கப்பட்டதன்று. மலாய்த் தீவுகளில் மிளகு, கிராம்பு, சாதிக்காய் விளைவித்தோர் வெள்ளியைவிடத் துணியையே விரும்பி ஏற்றனர். ஆகவே வாசனைப் பொருள் வேண்டுமாயின் முதலில் தமிழகக் கரையின் துணி வேண்டும். இக்கரையை மொலுக்காஸ் தீவுகளின் இடக்கை என்று டச்சு அதிகாரி ஒருவர் 1612இல் வருணித்ததன் பொருள் இதுவே.

டச்சுக்காரர் தொடங்கிய வாணிகம் அன்று இது. 1511இல் போர்த்துகீசியர் மலாக்காவைக் கைப்பற்றியபோது, தமிழ் வணிகர் அங்கே வேரூன்றியிருந்தனர். அடுத்த சில ஆண்டுகளில் மலாக்காவில் தங்கி நூலெழுதிய தோமே பிரேஸ் என்பார், சோழமண்டலக் கரையிலிருந்து வந்திறங்கிய துணிகளைப் பற்றி விரிவாகக் குறித்துள்ளார். அந்நகரின் தமிழ் வணிகர் தலைவர் நைனா சத்து, புதிய ஆட்சியில் பெண்டகாரா என்னும் உயர் பதவியையும் ஏற்றார். மலாக்காச் செட்டிகள் அக்கால வணிகரின் வழியினர். அவர்கள் மலாய் மொழி பேசுவர், சைவ சமயத்தைப் போற்றுவர், பெண்கள் கெபாயாவும் சாரோங்கும் அணிவர். 1781இல் எழுப்பப்பட்ட பொய்யாத விநாயகர் கோயில் அவர்களுடையது. மொழி மாறிய இடத்தும் வழிபாடு மாறாமல் நின்றது. உடையோ இரண்டிற்கும் நடுவே நின்றது.

துணியின் அமைப்பைச் சற்று நெருங்கி நோக்குதல் வேண்டும். வரலாற்றுச் சான்று என்பது கல்வெட்டிலும் ஏட்டிலும் மட்டும் இருப்பதன்று, நெசவிலும் உண்டு. அச்சிட்ட துணிக்கு முகமும் முதுகும் வேறு. முகத்தில் நிறம் பளிச்சிடும், முதுகில் மங்கும். பெலிக்காட் அவ்வாறன்று. நூலை முன்னரே சாயம் தோய்த்து, நிறம் நிறமாகப் பாவு ஓட்டி, ஊடையிலும் அதே முறையில் நிறம் மாற்றி நெய்வதால் கட்டம் இருபுறமும் ஒன்றுபோல் அமையும். செந்நிறத்திற்குச் சாயவேரும் நீலத்திற்கு அவுரியும் பயன்பட்டன. நெசவாளி தறியில் அமருமுன்பே கட்டத்தின் கணக்கு முடிந்துவிடுகின்றது. எத்தனை இழை சிவப்பு, எத்தனை இழை வெள்ளை, எங்கே கறுப்பு என்பது பாவு ஓட்டுவோனின் கணக்கு. அக்கணக்கில் ஓரிழை பிழைத்தாலும் கட்டம் கோணும். இதனை எளிய துணி என்று ஒதுக்குவோர் ஒரு முறையேனும் பாவு ஓட்டும் களத்தைச் சென்று காண்பது நன்று.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. சாரோங்கில் 'கெபாலா' எனப்படும் தலைப்பகுதியும் 'பாடான்' எனப்படும் உடற்பகுதியும் உண்டு. துணியின் பெரும்பரப்பில் ஒரு கட்டமும் ஓரிடத்தில் மட்டும் அகன்ற பட்டையாக வேறொரு கட்டமும் அமையும். ஆடவர் அப்பட்டை பின்புறம் அமையுமாறு உடுத்துவது வழக்கம். இவ்வமைப்பு வேட்டியில் இல்லை. சேலையின் முந்தானை இதற்குச் சற்று நெருங்கியதாயினும், அது துணியின் முடிவில் நிற்பது. தைத்து வளையமாக்கிய துணிக்கு முடிவேது? ஆகவே கெபாலா என்பது உடுத்துவோரின் கண் கேட்டு வாங்கியது. பழவேற்காட்டிலும் அதன் சுற்றூர்களிலும் இருந்த நெசவாளர் தம் ஊரார் உடுத்தாத அமைப்பில் கடல் கடந்தவர்க்கு நெய்து கொடுத்தனர். தீவுகளின் மக்கள் வாங்குவதில் மிகக் கண்டிப்பானவர்கள். நிறமோ கரையோ அவர்கள் வழக்கத்திற்கு மாறுபட்டால் சரக்கு விற்காமல் கிடக்கும். இதனை அறிந்த வணிகர் ஒவ்வொரு சந்தைக்கும் ஏற்ற வகைகளைக் கேட்டு வாங்கினர்.

ஆகவே 'இது யாருடைய உடை?' என்னும் வினாவுக்கு ஒரு சொல்லில் விடை இறுத்தல் இயலாது. கை தமிழகக் கரையினது, கண் மலாய்த் தீவுகளினது. இரண்டும் சேர்ந்த இடத்தில் பெலிக்காட் பிறந்தது.

இவ்வுண்மையைக் கெடுப்போர் இரு திறத்தினர். ஒரு திறத்தினர் தமிழ்ப்பற்று மிக்கவர்கள். 'சாரோங்' என்பதே 'சாரம்' என்னும் தமிழ்ச்சொல்லின் திரிபு என்று மேடைகளில் அவர்கள் முழங்குவதுண்டு. மலாயில் 'சாரோங்' என்பது உறை என்று பொருள்படும். கிரீஸ் என்னும் குத்துவாளின் உறையும் அப்பெயரே பெறும். உடலுக்கு உறையாவதால் துணியும் அப்பெயர் பெற்றது. யாழ்ப்பாணத்திலும் தென்தமிழகத்திலும் வழங்கும் 'சாரம்' அங்கிருந்து வந்த சொல்லேயன்றி அங்குச் சென்ற சொல்லன்று. இதுபோன்றே 'காழகம்' என்னும் சொல் ஆடையையும் குறிக்கும். பட்டினப்பாலையில் வரும் காழகத்திற்குக் கடாரம் என்று நச்சினார்க்கினியர் உரை கண்டுள்ளார். இரண்டையும் இணைத்துக் கெடாவிலிருந்து வந்த துணியே காழகம் என முடிவு கட்ட ஆவல் எழும். ஒலியொப்புமை ஆராய்ச்சிக்கு வாயில், வீடன்று. பெலிக்காட் என்னும் பெயருக்கோ துறைமுகம் உண்டு, கப்பல் உண்டு, கணக்கேடு உண்டு. உறுதியான சான்று கையிலிருக்க, உறுதியற்றதைப் பிடித்துத் தொங்குவது தமிழுக்குச் செய்யும் தொண்டு ஆகாது.

மற்றொரு திறத்தினர் இனத்திற்கு ஓர் உடை என வரிசைப்படுத்துவோர். பள்ளிச் சுவர்களில் தொங்கும் படங்களில் மலாய்ச் சிறுவன் பாஜு மெலாயுவிலும் சீனச் சிறுமி சியோங்சாமிலும் தமிழ்ச் சிறுமி பட்டுச்சேலையிலும் கைகோத்து நிற்பர். விடுதலை மாதத்தில் மாணவர் அவ்வாறே உடுத்தி அணிவகுப்பர். காட்சிக்கு அது அழகே. வரலாற்றுக்கோ அது போதாது. இன்று சியோங்சாம் என வழங்கும் உடை 1920களில் சாங்காய் நகரில் உருப்பெற்றது. கொசுவத்தை முன்னே செருகி, இரவிக்கையும் உட்பாவாடையும் அணிந்து, முந்தானையைத் தோளில் இடும் சேலைக்கட்டு எங்கும் பரவியதும் அண்மைக் காலத்தில்தான். தொன்மை என எண்ணி மாணவர்க்குக் காட்டுவது பெரும்பாலும் பாட்டியின் காலத்துப் புதுமையே. அந்தப் பட்டியலில் கைலிக்கு இடமில்லை. ஏனெனில் அஃது எந்தக் கட்டத்துள்ளும் அடங்குவதில்லை. கட்டம் போட்ட துணிக்கு இந்த நிலை நேர்ந்தது வேடிக்கையே.

கலிங்கம் என்னும் பெயருக்கு நேர்ந்ததும் இங்கே எண்ணத்தக்கது. அதே நாட்டுப்பெயர் மலாயில் 'கெலிங்' எனத் திரிந்து, துணி கொணர்ந்த மக்களைக் குறித்தது என்பர் அறிஞர். மலாக்காவில் 1748இல் எழுந்த கம்போங் கெலிங் பள்ளிவாசலும், பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் அச்சொல் மதிப்புடன் வழங்கிய காலத்தின் சின்னங்கள். பின்னாளில், ஒப்பந்தக் கூலிகளாகவும் கங்காணிவழி ஆட்களாகவும் ஏழைத் தமிழர் வந்து குவிந்தபின், அது வசைச்சொல்லாயிற்று. தமிழில் அப்பெயர் நுண்ணாடையைக் குறித்தது. மலாயில் அது மனிதனைக் குறித்து, அவனது நிலை தாழ்ந்தபோது தானும் தாழ்ந்தது.

உலகின் வேறு பகுதிகளிலும் இத்தகைய துணிகள் உண்டு. அமெரிக்காவின் மெயின் மாநிலத்திலும் அதனை அடுத்த கனடாவின் கிழக்குக் கரையிலும் வாழும் மிக்மாக், மாலிசீட், பாசமக்குவாடி, பெனோப்ஸ்காட், அபெனாக்கி ஆகிய தொல்குடியினரைப் பொதுவாக வபனாக்கியர் என்பர். விடியல் நிலத்து மக்கள் என்பது அப்பெயரின் பொருள். அவர்தம் பெண்கள் அணிந்த கூர்முடித் தலையணி இன்று பல அருங்காட்சியகங்களில் உள்ளது. அதன் துணி ஐரோப்பாவிலிருந்து வந்த கம்பளி. அதன் விளிம்பில் தைத்த பட்டு நாடாவும் அதன்மேல் கோத்த கண்ணாடி மணிகளும் கடல் கடந்து வந்தவையே. விலங்கின் மென்மயிர்த் தோலைக் கொடுத்து அவர்கள் இவற்றைப் பெற்றனர். ஆயினும் அத்தலையணியை ஐரோப்பியப் பொருள் என்பார் எவருமிலர். எதிரெதிரே வளைந்து சுருளும் இரட்டை வளைவு அவர்களின் பழைய கோலம். வந்த துணியில் அவர்கள் தங்கள் கோலத்தை இழைத்தனர். அக்கணமே துணி அவர்களுடையதாயிற்று. ஆப்பிரிக்காவில், நைஜீரியாவின் கலபாரி மக்கள் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். சென்னையிலிருந்து வந்த கட்டத்துணியில் சில இழைகளை மட்டும் கத்தியால் அறுத்து உருவி, நெசவாளி காணாத புதிய கோலத்தை அவர்கள் அதில் வரவழைத்தனர். நெய்தவன் சேர்த்ததைக் கொண்டவன் நீக்கி அழகு செய்தான்!

வபனாக்கியர்க்கும் மலேசியத் தமிழர்க்கும் ஒரு வேறுபாடு உண்டு. அஃது இக்கட்டுரைப் பொருளின் நடுவிடம். அவர்களுடைய பொருள்களைப் பிறர் எடுத்துச் சென்றனர். விலைக்கு வாங்கியதும் உண்டு, முறையின்றிக் கொண்டதும் உண்டு. செய்தவரின் பெயரின்றி, ஊரின்றி, அவை கண்ணாடிப் பேழைகளில் நெடுங்காலம் கிடந்தன. இன்று அம்மக்களின் வழியினர் அவற்றைக் காண வருகின்றனர். தையலின் போக்கைக் கண்டு குடியை இனங்காண்கின்றனர். புனிதப் பொருள்களையும் முன்னோரின் எச்சங்களையும் திருப்பித் தர வகைசெய்யும் சட்டம் 1990இல் அமெரிக்காவில் இயற்றப்பட்டது. மெயினில் 1928இல் திறக்கப்பட்ட ஆப்பி அருங்காட்சியகம் இக்காலத்தில் வபனாக்கியரோடு கூடிப் பணியாற்றுகின்றது. அவர்களின் துயரம் பொருள் பிறர் கையில் இருப்பது. தோட்டத் தமிழரின் பொருளையோ எவரும் எடுத்துச் செல்லவில்லை. எடுத்துச் செல்லத் தக்கது என எவரும் கருதவில்லை. திருப்பிக் கேட்பதற்கும் ஒன்றுமில்லை.

பால்மரம் வெட்டிய பெண் காலை இருளில் அணிந்து சென்றது எவ்வகை உடை? பழைய பருத்திச் சேலையை முழங்காலுக்குச் சற்றுக் கீழே தூக்கிச் செருகி, அதன்மேல் கணவனின் முழுக்கைச் சட்டையை அணிந்து, கொசுவுக்கும் பனிக்கும் தலையில் துணி சுற்றிச் சென்றாள். சேலையும் சட்டையும் ஒன்றாகிய அவ்வுடை எந்த நாட்டு மரபிலும் எழுதப்படாதது. மலாயாத் தோட்டம் அதனைத் தோற்றுவித்தது. மரப்பால் தெறித்து உறைந்த கறை அதில் என்றும் நீங்காது. அது வேலையின் முத்திரை. விழா நாளுக்கென்று தகரப்பெட்டியில் வேறு சேலை இருக்கும். தென் மாவட்டங்களிலிருந்து வந்த மூதாட்டிகளின் காதில் பாம்படமோ தண்டட்டியோ தொங்கும். பவுன் காசு கோத்த மாலை பெட்டியில் இருந்து எடுக்கப்படும், பின்னர் அடகுக்கடையில் இருந்து மீட்கப்படும், இறுதியில் மீட்கப்படாமல் போகும். அரசரின் தலை பொறித்த நாணயம் தமிழ்ப் பெண்ணின் கழுத்தணி ஆனதும், கம்பளியில் வபனாக்கியப் பெண் மணி கோத்ததும் ஒரே செயலின் இரு வடிவங்கள்.

1941 முதல் 1945 வரை நீண்ட சப்பானிய ஆட்சியில் துணித் தட்டுப்பாடு கொடிதாக இருந்தது. சாக்குத் துணியை உடுத்தோர் பலர். சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழரின் நினைவுகளிலும் சாக்கு இடம்பெறுகின்றது. ஒரு மக்கள் கூட்டத்தின் உடை வரலாற்றில் பட்டுக்கு உள்ள இடத்தைக் காட்டிலும் சாக்குக்கு உள்ள இடம் குறைந்ததா? மலேசியத் தமிழ்ப் புனைகதைகள் அக்காலத்தின் பசியைப் பேசிய அளவுக்கு உடையைப் பேசவில்லை. மாந்தரை அறிமுகம் செய்யும்போது 'சேலை உடுத்தியிருந்தாள்' என்று எழுதிவிட்டு மேலே செல்லும் ஆசிரியர்கள் பலர். என்ன சேலை, எங்கு வாங்கியது, எத்தனை முறை ஒட்டுப் போட்டது என்று எழுதினால் கதை கெட்டுவிடாது. மாறாக, பத்துப் பக்க வருணனை உணர்த்த இயலாத வறுமையை ஓர் ஒட்டு உணர்த்தும். அறுவை வாணிகன் இளவேட்டனாரைப் புலவராகப் போற்றிய மொழியில் துணியறிவு எழுத்தாளர்க்கு இழுக்கன்று.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புக்கு விற்கப்பட்டும் மறைந்தபோது, அங்கிருந்தோர் நகரத்தின் ஓரங்களில் குடியேறினர். கம்போங் மேடானும் அதனைச் சூழ்ந்த புறம்போக்குக் குடியிருப்புகளும் அவ்வாறு நிரம்பின. பலகை வீட்டுக்குத் தகரப்பெட்டி வந்தது. பலகை வீடு இடிபட்டு அடுக்குமாடிக்குச் சென்றபோது பெட்டிக்கு இடமில்லை. பெட்டியோடு அதிலிருந்தவையும் போயின. 2001 மார்ச்சில் இப்பகுதியில் மூண்ட இனக்கலவரத்தில் ஆறு உயிர்கள் மாண்டன. அதன்பின் கம்போங் மேடான் என்றாலே பலர்க்கு அக்கலவரம்தான் நினைவுக்கு வருகின்றது. ஆனால் அங்கே கொடியில் காயும் துணியை மட்டும் கண்டு, இது தமிழர் வீடு, இது மலாய்க்காரர் வீடு என்று ஒருவர் பிரிக்க முயன்றால் கைலி அவருக்கு உதவாது.

கோலாலம்பூரில் பழைய இரயில்வே தலைமையகக் கட்டடத்தில், 2010இல் தேசியத் துணி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. தமிழ்ப்பள்ளிகள் மாணவரை அங்கு அழைத்துச் செல்லலாம். செல்லுமுன் ஒரு பயிற்சி தேவை. மாணவன் தன் வீட்டிலுள்ள பழைய துணி ஒன்றைக் கொணர்ந்து, மேசைமேல் விரித்து, அதனை எழுத்தால் வருணிக்கட்டும். நீள அகலம் என்ன? கட்டம் நெய்ததா, அச்சிட்டதா? முதுகைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். மூட்டிய தையல் கையாலா, இயந்திரத்தாலா? மஸ்ஜித் இந்தியாவில் வாங்கியதா, கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் வாங்கியதா, ஊரிலிருந்து வந்ததா? யார் உடுத்தியது? எப்போது உடுத்தியது? 'தமிழர் பண்பாடு' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னால் எல்லா மாணவரும் ஒன்றையே எழுதுவர். ஒரு கைலியைப் பற்றி எழுதச் சொன்னால் முப்பது மாணவரும் முப்பது வகையாக எழுதுவர்.

அவ்வாறு தேடும் மாணவர்க்கு ஒரு தடை எதிர்ப்படும். நூறாண்டுப் பழமை உடைய பட்டுச்சேலை கிடைத்தாலும் நூறாண்டுக் கைலி எளிதில் கிடைப்பதில்லை. பட்டைப் பெட்டியில் வைத்தனர். கைலியை உடுத்தித் தேய்த்தனர். விளிம்பு நைந்தபின் அது குழந்தைக்கு ஏணையாயிற்று. இன்றும் அடுக்குமாடி வீடுகளில் கம்பிச் சுருளில் சாரோங்கைக் கோத்துத் தொங்கவிட்டுக் குழந்தையைத் துயிலச் செய்யும் வழக்கம் தமிழர் வீட்டிலும் உண்டு, மலாய்க்காரர் வீட்டிலும் உண்டு. பிள்ளை வளர்ந்தபின் அது கிழிபட்டுத் தலையணை உறையாகும், பின் கரித்துணியாகும், பின் தரை துடைக்கும் துணியாகும். அந்நிலையிலும் அதன் கட்டம் இருபுறமும் ஒன்றுபோல் தெரியும்.